முதலில் சாப்பாடு, அப்புறம்தான் மீன்: சென்னை வெயிலில் உயிருணவு வளர்த்த அனுபவம்

ஃபைட்டர் மீனை ஜோடி சேர்ப்பது பெரிய வித்தையில்லை. நல்ல ஆண், வயிறு பருத்த பெண், ஒரு சாண் உயரத்துக்குக் குறைவாகத் தண்ணீர், மேலே மிதக்க ஒரு காய்ந்த பாதாம் இலை. இவ்வளவு இருந்தால் ஆண் நுரைக்கூடு கட்டிவிடும், முட்டையும் வந்துவிடும். வித்தை அதற்கு அப்புறம்தான். நம்ம ஊர் வெப்பத்தில் ஒன்றரை நாளுக்குள் முட்டை பொரிந்து, குஞ்சுகள் நுரைக்கு அடியில் வால் கீழாகத் தொங்கும். அடுத்த இரண்டு மூன்று நாளில் வயிற்றில் இருக்கும் மஞ்சள் கரு தீர்ந்து, படுக்கைவாட்டில் நீந்த ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் அதன் வாய்க்குள் போகிற அளவில், அசைகிற ஏதாவது தண்ணீரில் இருந்தாக வேண்டும். கடைத் தீவனத்தை எவ்வளவு பொடித்துப் போட்டாலும் முதல் நாட்களில் குஞ்சு அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அசைந்தால்தான் அதற்கு இரை. கூட்டுக்கடியில் கூட்டமாகத் தொங்கிய குஞ்சுகள் ஒரு வாரத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைகிற கதை பெரும்பாலும் நோயால் வருவதில்லை, பட்டினியால் வருவது.

கொளத்தூர் பக்கம் பரம்பரையாக வண்ணமீன் வளர்க்கிற ஒரு அண்ணனிடம் முதல் ஜோடி வாங்கப் போனபோது அவர் மீனையே எடுத்துக் காட்டவில்லை. “தம்பி, சாப்பாடு என்ன வச்சிருக்க?” என்றுதான் கேட்டார். தீவனப் பாக்கெட்டின் பெயரைச் சொன்னேன். “அது பெரிய மீனுக்கு. குட்டிக்கு என்ன? மொதல்ல அதை வளர்த்துட்டு வா, மீன் எங்கயும் ஓடிடாது.” வியாபாரத்தைத் தள்ளிப்போட்டு இப்படிச் சொல்கிறவரை எங்கே பார்ப்பது.

அவர் சொன்ன இன்னொன்றை நான் மெதுவாகத்தான் புரிந்துகொண்டேன். உயிருணவு, அதாவது மீனுக்கு உயிரோடு கொடுக்கிற இரை, வளர்ப்பது பற்றி வரும் புத்தகங்களும் வீடியோக்களும் பெரும்பாலும் குளிர் நாட்டுக்காரர்கள் செய்தவை. ஆர்ட்டீமியா என்ற குட்டி உப்புநீர் உயிரியின் முட்டையைப் பொரிக்க ஹீட்டர் போடு என்பார்கள், கிரிண்டல் என்ற சின்ன இரைப்புழுவை அறை வெப்பத்தில் வை என்பார்கள். அவர்கள் அறை வெப்பம் வேறு, மே மாதச் சென்னையில் மாடி வீட்டின் அறை வெப்பம் வேறு. இங்கே எல்லாமே வேகமாக வளரும், அதே வேகத்தில் கெட்டும் போகும். எதை வளர்ப்பது, எத்தனை நாளுக்கு ஒருமுறை புதுப்பிப்பது, வீட்டில் எந்த மூலையில் வைப்பது என்பதையெல்லாம் வெயிலைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். இனி வருவது அப்படி முடிவு செய்து எனக்கு நின்ற முறைகள்.

முதல் இரை இன்ஃபுசோரியா. பாரமீசியம் மாதிரியான கண்ணுக்குத் தெரியாத உயிர்கள். பழைய மீன்தொட்டித் தண்ணீரை ஒரு அகலமான கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, கட்டைவிரல் அளவு வாழைப்பழத் தோலையோ ஒரு பிடி வைக்கோலையோ போட்டு, வெளிச்சம் விழும் இடத்தில், நேர் வெயில் படாமல் வைத்தால் போதும். முதலில் தண்ணீர் வெள்ளையாகக் கலங்கி நாறும். அது பாக்டீரியா பெருகும் கட்டம். அந்த நேரத்தில் ஊற்றினால் குஞ்சுத் தொட்டிதான் கெடும். பிறகு இன்ஃபுசோரியா அந்த பாக்டீரியாவைத் தின்று பெருக, கலங்கல் மெல்லத் தெளியும், நாற்றமும் அடங்கும். இருட்டில் பாட்டிலுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தால் தூசி மாதிரி ஏதோ தானாக நகர்வது தெரியும். அதுதான் பக்குவம். இங்கே மூன்று நாளில் பெரும்பாலும் வந்துவிடும். மார்கழியில் ஒன்றிரண்டு நாள் கூடும். ஜோடியைத் தொட்டியில் விடுகிற அன்றைக்கே இந்தப் பாட்டிலையும் வைத்துவிட்டால் குஞ்சு நீந்த ஆரம்பிக்கிற நாளுக்கு இது தயாராக இருக்கும். பக்குவமான தண்ணீரை ஒரு சிரிஞ்சில் எடுத்து ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை கொஞ்சம் கொஞ்சமாக விடலாம். ஊறிய பாதாம் இலையிலும் ஜாவா பாசியிலும் இந்த உயிர்கள் தாமாகவே இருக்கும் என்பதால் அவை இரண்டும் தொட்டியில் இருப்பது ஒரு காப்பு. கப்பி வளர்ப்பவர்களுக்கு இந்த வேலையே கிடையாது. கப்பிக் குஞ்சு வாய் பெரிதாகவே பிறக்கிறது, பிறந்த அன்றே ஆர்ட்டீமியா தின்னும்.

ஆர்ட்டீமியா என்பது உப்பளங்களிலும் உப்பு ஏரிகளிலும் வாழும் சின்ன இறால் போன்ற உயிரி. நம்ம தூத்துக்குடி உப்பளங்களிலும் வேதாரண்யத்திலும் உண்டு. கடையில் வரும் முட்டைகளில் ஒரு பெரிய பங்கு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள கிரேட் சால்ட் லேக் ஏரியிலிருந்து வருபவை. காய்ந்த முட்டை ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும், உப்புத் தண்ணீரில் விட்டால் ஒரே நாளில் பொரியும். 1933இல் அமெரிக்காவில் ஆல்வின் சீலும் 1939இல் நார்வேயில் குன்னார் ரோலெஃப்சனும் இதன் குஞ்சுகள் மீன்குஞ்சுகளுக்கு அருமையான இரை என்று எழுதினார்கள். இன்றைக்கு இறால் குஞ்சுப் பண்ணைகள்வரை இதை நம்பித்தான் நடக்கின்றன.

செய்முறை எளிது. ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டித் தலைகீழாக நிறுத்தி, அதில் ஒரு லிட்டர் தண்ணீர், சுமார் 25 கிராம் கல் உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா. முட்டை அரை டீஸ்பூன் போதும், இரண்டு மூன்று ஈற்றுக் குஞ்சுகளுக்கே அது தாராளம். காற்றுக் குழாயை மூடிப் பக்கம்வரை இறக்கி, முட்டைகள் அடியில் தங்காமல் சுழல்கிற அளவுக்குக் காற்று விட வேண்டும். ஏர் ஸ்டோன் வேண்டாம், அதன் சன்னமான நுரையில் முட்டைகள் மேலே ஏறிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். முதல் சில மணி நேரம் நல்ல வெளிச்சம் வேண்டும். 25 முதல் 30 டிகிரிக்குள் நன்றாகப் பொரியும் என்பதால் வருடத்தில் பெரும்பாலான நாட்களுக்கு நமக்கு ஹீட்டர் தேவையே இல்லை. சித்திரை, வைகாசியில் மட்டும் நேர்மாறான கவலை: மாடி அறையில் வைத்த பாட்டில் சூடேறி, பாதி முட்டை பொரிக்காமலே போகும். அந்த மாதங்களில் பாட்டிலைக் கீழ்த்தளத்தில், தரையோடு தரையாக வைக்கிறேன்.

பொரிந்த பிறகு காற்றை நிறுத்திவிட்டு அடிப்பக்கம் டார்ச் அடித்தால் பத்து நிமிடத்தில் மூன்றாகப் பிரிந்துவிடும். வெற்று ஓடு மேலே மிதக்கும், பொரியாத முட்டை அடியில் படியும், அதற்குச் சற்று மேலே ஆரஞ்சு நிறத்தில் குஞ்சுகள் வெளிச்சத்தைத் தேடிக் கூடும். அந்த ஆரஞ்சை மட்டும் சன்னமான குழாயில் உறிஞ்சி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசிக் கொடுக்க வேண்டும். ஓடு கலந்து போனால் சின்னக் குஞ்சின் குடலில் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. உப்பும் நாளடைவில் தொட்டியில் சேரும். பொரிந்த குஞ்சு தன் வயிற்றுக் கருவை எரித்துத்தான் நீந்துகிறது, அதனால் பொரிந்த சில மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் சத்து. காலையில் வேலைக்குப் போகுமுன் கொடுக்க வேண்டுமென்றால் முதல் நாள் காலையிலேயே பாட்டில் ஏற்றிவிட வேண்டும். மீன்குஞ்சு தின்றதா இல்லையா என்று சந்தேகமே வராது: வயிறு ஆரஞ்சாக உப்பி வெளியே தெரியும். அதைப் பார்க்கிற சுகத்துக்காகவே நான் தீனி நேரத்தில் லென்ஸோடு உட்கார்ந்திருப்பேன்.

முட்டை டப்பாவுக்கு நம்ம ஊரில் பெரிய எதிரி ஈரக் காற்று. பெரிய டின்னை வாங்கித் தினமும் திறந்து மூடினால், ஐப்பசி மழைக்குள் பொரிக்கிற விகிதம் படுத்துவிடும். வாங்கிய அன்றே சின்னச் சின்ன பாட்டில்களில் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு இறுக்கி மூடி, ஃபிரிட்ஜில் வைத்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் வெளியே எடுத்தால் நீண்ட நாள் வரும். மின்வெட்டு வருகிற பகுதியென்றால் அகலமான தட்டு நல்லது. இரண்டு விரற்கடை ஆழத்துக்கு உப்புத் தண்ணீர் ஊற்றி மேலே முட்டையைத் தூவினால், காற்று இல்லாமலே பொரியும். கொஞ்சம் குறைவாகத்தான் பொரியும், ஆனால் பம்ப் சத்தமும் இல்லை.

ஆர்ட்டீமியாவுக்கும் இன்ஃபுசோரியாவுக்கும் நடுவில் இருப்பது மைக்ரோவார்ம் என்ற சன்னமான புழு. ஓட்ஸைக் கெட்டிக் கூழாகக் காய்ச்சி ஆறவைத்து, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் விரற்கடை உயரம் பரப்பி, ஒரு சிட்டிகை ஈஸ்ட், மேலே ஒரு ஸ்பூன் பழைய கல்ச்சர், அதாவது புழு ஏற்கெனவே வளர்கிற கூழ். மூன்று நான்கு நாளில் மேற்பரப்பு பளபளவென்று நெளியும், புழுக்கள் டப்பாச் சுவரில் ஏறும். விரலால் வழித்துத் தண்ணீரில் கலக்கிக் கொடுக்கலாம், கூழ் ஒட்டாது. குளிர் நாட்டில் ஒரு டப்பா ஒரு மாதம் ஓடும் என்பார்கள். இங்கே கோடையில் பத்து நாளில் கூழ் நீர்த்துப் புளித்துவிடும். எனவே வாரம் ஒரு புது டப்பா என்று வைத்துக்கொள்வதே நல்லது. மூடியில் துளை போட்டு, துளைக்கு மேல் துணி கட்ட மறக்கக் கூடாது. பழ ஈ உள்ளே போனால் வீடு முழுக்கப் பறக்கும். வாடை விஷயத்தில் எங்கள் வீட்டு நீதிமன்றம் அம்மாதான். “என்னடா, மாவு புளிச்சுப் போச்சா?” என்று இட்லி மாவுப் பாத்திரத்தைத் திறந்து திறந்து பார்த்துவிட்டு, கடைசியில் டப்பாக்களைக் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து அவை துணி துவைக்கிற இடத்துப் பரணில் இருக்கின்றன.

மைக்ரோவார்ம் தண்ணீரில் அரை நாளாவது உயிரோடு இருக்கும், ஆனால் அடியில் போய்க் கிடக்கும். இதை மட்டுமே கொடுத்தால் ஃபைட்டருக்கு அடித்துடுப்பு வராது என்று வளர்ப்பவர்கள் மத்தியில் ஒரு பேச்சு உண்டு. நான் பார்த்தவரை துடுப்பு குறைந்த குஞ்சுகள் அதிகம் வந்தது தின்னாத புழு செத்து அடி நாறிய தொட்டிகளில்தான். அடியைச் சுத்தமாக வைத்து, ஆர்ட்டீமியாவுக்கு முந்தைய சில நாட்களுக்கும், பொரிப்பு சரியில்லாத நாட்களுக்கும் மட்டும் இதை வைத்துக்கொள்கிறேன்.

வினிகர் ஈல் என்ற புழு இதன் தம்பி மாதிரி, இன்னும் சன்னம். ஆப்பிள் சைடர் வினிகரும் தண்ணீரும் பாதிக்குப் பாதி, உள்ளே இரண்டு துண்டு ஆப்பிள், கொஞ்சம் பழைய கல்ச்சர். அவ்வளவுதான், அதன்பின் மாதக்கணக்கில் அதை யாரும் சீண்ட வேண்டாம். வெயிலும் ஒன்றும் செய்வதில்லை. எடுக்கிற விதம்தான் அழகு: நீளக் கழுத்துப் பாட்டிலில் கழுத்தின் தொடக்கம்வரை கல்ச்சரை ஊற்றி, பஞ்சை இறக்கி அடைத்து, பஞ்சுக்கு மேல் நல்ல தண்ணீர் விட்டால், காற்றைத் தேடிப் புழுக்கள் பஞ்சு வழியாக மேலே வந்துவிடும். மறுநாள் அந்தத் தண்ணீரை மட்டும் சிரிஞ்சில் எடுத்தால் வினிகர் கலக்காது. இவை அடியில் போய்க் கிடக்காமல் நீரின் நடுவிலும் மேற்பரப்பிலும் நாள்கணக்கில் நீந்தும். மேலேயே மேய்கிற ஃபைட்டர் குஞ்சுக்கு அதுதான் வசதி. மெதுவாகப் பெருகும் என்பது மட்டுமே குறை.

இனி மொய்னா. ஒரே ஒரு கல்ச்சர்தான் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது என்னைக் கட்டாயப்படுத்தினால் இதைத்தான் சொல்வேன். டாப்னியா என்ற நீர்த்தெள்ளின் சின்ன உறவு. டாப்னியாவில் பெரிய வகைகள் 20 டிகிரியை ஒட்டிய குளிரைத்தான் விரும்பும், நம்ம கோடையில் சுருண்டுவிடும். மொய்னா 30 டிகிரிக்கு மேலும் தாங்கும். பிறந்து நான்கைந்து நாளில் தாயாகிவிடும். நிலைமை நன்றாக இருக்கும்வரை ஆணே தேவையில்லை, பெண்கள் பெண்களையே பெற்றுத் தள்ளும். புதிதாகப் பிறந்தது கிட்டத்தட்ட ஆர்ட்டீமியா குஞ்சின் அளவுதான். நன்னீர் உயிரி என்பதால் மீன்தொட்டியில் போட்டால் தின்னப்படும்வரை உயிரோடு நீந்தும். ஆர்ட்டீமியா மாதிரி சில மணி நேரத்தில் செத்துத் தண்ணீரைக் கெடுக்காது.

மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழும் பக்கம், 40 லிட்டர் பிடிக்கிற அகலமான டப்கள். முழு வெயில் கூடாது, முழு இருட்டும் கூடாது. மெட்ரோ தண்ணீரென்றால் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்த தண்ணீர், பாதிக்குப் பாதி பழைய மீன்தொட்டித் தண்ணீர். தீனிக்கு, நுண்பாசி மிதந்து பச்சையான தண்ணீர்தான் முதல் தரம். அது இல்லாத நாளில் ஈஸ்ட் கரைசல், அல்லது கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து வடித்த நீர். பண்ணைகளில் சாணியும் கோழி எருவும் போடுகிறார்கள். வீட்டு மாடியில் அதைச் செய்தால் பக்கத்து வீட்டுக்காரரோடு உறவு முறிந்துவிடும்.

எவ்வளவு போடுவது என்று கேட்பவர்களுக்கு அளவு சொல்ல முடியாது, அடையாளம்தான் சொல்ல முடியும். தீனி விட்டதும் தண்ணீர் லேசாக மங்கலாக வேண்டும். மறுநாள் அதே நேரத்துக்குள் தெளிந்திருந்தால் அடுத்த வேளை விடலாம். தெளியவில்லையென்றால் அன்றைக்குப் பட்டினி. மொய்னா டப் ஒரே ராத்திரியில் சாகிறதென்றால் பத்துக்கு ஒன்பது முறை காரணம் தீனி அதிகமாகி, அழுகி, ஆக்சிஜன் தீர்ந்ததுதான். சாவதற்கு முன்னால் எச்சரிக்கையும் தரும்: ஆக்சிஜன் குறைந்தால் மொய்னாவின் உடம்பில் ஹீமோகுளோபின் கூடி இளஞ்சிவப்பாக மாறும், மேற்பரப்பில் திட்டுத்திட்டாகக் கூடும். விடியற்காலையில் ஓரளவு சிவந்து கூடுவது சகஜம், அள்ளுவதற்கு அதுதான் நல்ல நேரம். மத்தியானமும் சிவந்தே இருந்தால் உடனே பாதியை அள்ளிவிட்டுக் கொஞ்சம் புதுத் தண்ணீர் சேர்க்க வேண்டும்.

அள்ளாமல் விட்டால் பெருகிக்கொண்டே போகும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. கூட்டம் நெருக்கினால் இனப்பெருக்கம் நின்று, ஆண்கள் தோன்றி, கருப்புப் புள்ளி மாதிரியான உறக்க முட்டைகளை இட்டுவிட்டுக் கூட்டமே அடங்கிவிடும். தினமும் நாலில் ஒரு பங்கு அள்ளினால் டப் இளமையாகவே இருக்கும். மீனுக்குத் தேவையில்லாத நாளிலும் அள்ளி, ஐஸ் தட்டில் உறைய வைத்துவிடுவேன்.

வடகிழக்குப் பருவமழைதான் மாடி டப்களுக்குக் கண்டம். ஒரே இரவில் டப் நிரம்பி வழிந்தால் மொய்னாவும் வழிந்து கீழே போகும், மீதி இருக்கிற தண்ணீரும் தலைகீழாக மாறிப்போகும். டப்பின் விளிம்புக்கு நான்கு விரற்கடை கீழே பக்கவாட்டில் துளையிட்டு, அதில் சன்னமான துணியைக் கட்டி வைத்தால் தண்ணீர் மட்டும் வெளியேறும். அதோடு, ஒரு டப் எப்போதும் கூரைக்கடியில். எந்தக் கல்ச்சரும் ஒன்றே ஒன்றாக இருக்கக் கூடாது. மொய்னா மூன்று டப், மைக்ரோவார்ம் வயது மாறிய இரண்டு மூன்று டப்பா. தவிர, அருகில் இருக்கிற நண்பர் ஒருவரிடம் உங்கள் கல்ச்சரில் கொஞ்சம் கொடுத்து வையுங்கள். உங்கள் டப் படுக்கிற அன்றைக்கு அவருடையது நிற்கும்.

டப்புக்கு மேல் கொசுவலை கட்டுவது இரண்டு காரணங்களுக்காக. ஒன்று தும்பி. அதன் இளம்புழு ஒன்றே ஒன்று உள்ளே வளர்ந்தாலும் மொய்னாவை மொத்தமாகத் தின்றுவிடும். இன்னொன்று கொசு. மீனுக்குக் கொசுப்புழுவைப் போலப் பிடித்த தீனி குறைவு, செலவும் இல்லை. அதற்காக அதை வளர்க்கலாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சேமித்து வைத்த நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். கோடையில் முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். இரண்டு நாள் அசந்தாலும் தெருவுக்கே காய்ச்சல் கொடுத்தவர்களாகிவிடுவோம். மாநகராட்சி ஆட்கள் வீடு வீடாக வந்து பார்ப்பதும், கொசுப்புழு இருந்தால் அபராதம் போடுவதும் தெரிந்ததுதான். வலையை மீறிப் புழு வந்துவிட்டால் அன்றன்றைக்கே வலைக்கரண்டியால் வழித்து மீனுக்குப் போட்டுவிடுங்கள். காலியான டப்பைக் கவிழ்த்து வைத்தால் மட்டும் போதாது. ஏடிஸ் முட்டை நீர்மட்டத்துக்கு மேலே சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் சாகாது. உள்சுவரை நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

டியூபிஃபெக்ஸ் பற்றிக் கேட்பார்கள். சாக்கடைச் சேற்றில் எடுக்கிற புழு. நாள்கணக்கில் ஓடும் தண்ணீரில் அலசினாலும் நோய் கொண்டுவரும் வாய்ப்பு போகாது. பெரிய மீன் வேண்டுமானால் தாங்கும், குஞ்சுக்கு நான் கொடுப்பதில்லை. கிரிண்டல் புழு நல்ல சத்தான தீனி, தேங்காய் நார்த்தூளில் வளரும். ஆனால் அது கேட்பது 20களின் தொடக்கத்து வெப்பம். பெங்களூரிலோ ஊட்டியிலோ இருப்பவர்கள் வளர்க்கட்டும். இங்கே மே மாதத்தில் அதைக் காப்பாற்ற ஐஸ் பாட்டில் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது என்ன செய்வது என்பதுதான் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி. வினிகர் ஈலுக்கு எதுவும் செய்ய வேண்டாம். மைக்ரோவார்முக்குக் கிளம்புகிற அன்று புது டப்பா போட்டு வீட்டின் குளிர்ந்த மூலையில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும், தை மாதக் குளிர்ச்சியும் கைகொடுக்கும். மொய்னா டப்பில் பாதியை அள்ளிவிட்டு, ஈஸ்ட் எதுவும் போடாமல், ஒரு குடம் பச்சைத் தண்ணீர் மட்டும் சேர்த்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது டப் அடங்கியிருந்தாலும் அடிச்சேற்றைக் கொட்டிவிடாதீர்கள். நிழலில் காயவைத்து ஒரு காகிதப் பொட்டலத்தில் கட்டி வைத்தால், அதிலுள்ள உறக்க முட்டைகள் அப்படியே இருக்கும். தேவைப்படும்போது மழைத் தண்ணீரிலோ குளோரின் போன தண்ணீரிலோ கரைத்து வெளிச்சத்தில் வைத்தால் சில நாளில் ஒன்றிரண்டு துள்ளத் தொடங்கும், அப்புறம் இரண்டு வாரத்தில் டப் பழைய நிலைக்கு வந்துவிடும். அதுவரை புது ஜோடி எதையும் தொட்டியில் விடாமல் பொறுத்திருங்கள்.